எஞ்சின் சக்தி விசாரணை

காஞ்சிபுரத்தில் மோட்டார் வைத்திருந்த பெரிய மனிதர்களுக்கெல்லாம் அந்த வருஷம் ஒரே வியாதி. அவர்களுக்கல்ல, அவர்கள் மோட்டாருக்கு. கிளம்பும்போது சிங்கம் மாதிரி உறுமுகிற வண்டி, நாலு தெரு தாண்டுவதற்குள் மூச்சு வாங்கி, ஆவி விட்டு நின்றுவிடும்.

பிள்ளையார்பாளையம் பட்டு வியாபாரி குமாரசாமி முதலியாருக்கு இது மானப் பிரச்சினை. மகள் அம்சவேணிக்கு வைகாசியில் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்பு மோட்டாரில்தான் நடக்க வேண்டும், நடுத்தெருவில் வண்டி நின்றால் கல்யாணமும் நின்றது என்று ஆரணிச் சம்பந்தி கறாராகச் சொல்லி அனுப்பியிருந்தார். முதலியாருக்குச் சோறு இறங்கவில்லை, பாவம். மற்ற மோட்டார்காரர்களையும் சேர்த்துக்கொண்டு, ‘எஞ்சினில் சக்தி குறைகிறது’ என்று மேலிடத்துக்கு மகஜர் போட்டார்.

சர்க்கார் சும்மா இருக்குமா? விசாரணைக்கென்றே ஒரு காரியாலயம் திறந்தார்கள். முதலில் நாற்காலி வந்தது. பிறகு பங்கா வந்தது. பங்கா இழுக்க ஆள் வந்தான். அதற்கப்புறம்தான் அதிகாரி கிருஷ்ணஸ்வாமி ஐயங்கார் வந்து சேர்ந்தார். நல்ல மனுஷர். வாழ்நாளில் எந்த மனுவையும் நிராகரித்தவரில்லை, ஏற்றுக்கொண்டவருமில்லை.

அவர் முதலியாரின் வண்டியில் ஏறி உட்கார்ந்து, “வழக்கமா எப்படி ஓட்டுவேளோ, அப்படியே ஓட்டச் சொல்லுங்கோ” என்றார்.

டிரைவர் யேசுதாஸ் வண்டியைக் கிளப்பினான். உடனே எங்கிருந்தோ ஒரு நாதஸ்வர கோஷ்டி வந்து முன்னால் நடந்தது.

“இது எதுக்கு முதலியார்வாள்?”

“இன்னா சாமி இப்படிக் கேக்கறீங்க? பெருமாளே மேளத்துக்குப் பின்னாலதான வர்றாரு? நான் முந்திக்கினு போனா நல்லா இருக்குமா?”

கோஷ்டி மூலைக்கு மூலை நின்று வாசித்தது. மோட்டாரும் நின்று நின்று உறுமியது. தோடி ஆலாபனை முடிவதற்குள் ரேடியேட்டர் கொதித்து, ஐயங்காரின் அங்கவஸ்திரத்தில் வெந்நீர் தெளித்து, வண்டி படுத்துவிட்டது.

ஐயங்கார் மேளத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, தண்ணீர் ஊற்றி மறுபடி ஓட்டச் சொன்னார். வண்டி தாமல் ஏரிக்கரை வரை பறந்து போய்ப் பறந்து வந்தது. அவருக்கு ஒரே குஷி. முதலியார் முகம்தான் தொங்கிப்போயிருந்தது.

“கடைத்தெருவுல அத்தினி பேர் உக்காந்துக்கினு இருந்தாங்க சாமி. ஒருத்தன்கூட எழுந்திருக்கல.”

“போறது நீங்கன்னு தெரிஞ்சாத்தானே எழுந்திருப்பா?”

“அதான் நானும் சொல்றேன்! யாருக்கும் தெரியாம போறதுக்கா மோட்டார் வாங்கினேன்?”

“ஆனா எஞ்சின்ல கோளாறு இல்லையே.”

“அப்போ எங்க மனு பொய்யா? சரி, கலெக்டர் தொரைகிட்டயே கேட்டுக்கறேன்.”

கலெக்டர் என்றதும் ஐயங்காரின் மூளை சுறுசுறுப்படைந்தது. மனு பொய்யென்றால் பெரிய மனிதர்கள் கோபிப்பார்கள். நிஜமென்றால் எஞ்சினைச் சரிசெய்ய வேண்டும். சரியாக இருப்பதை எப்படிச் சரிசெய்வது? மறுநாளே உத்தரவு பிறந்தது: ‘மேற்படி புகார் எஞ்சினைப் பற்றியதாகையால், மேற்படி எஞ்சின்களைக் கழற்றி இக்காரியாலயத்தில் விசாரணைக்கு ஒப்படைக்க வேண்டியது. இடைக்காலத்தில் மேற்படி மோட்டார்களை மாடு கட்டி ஓட்டிக்கொள்ள இதனால் அனுமதிக்கப்படுகிறது.’

“மோட்டாருக்கு மாடா? ஊரு சிரிக்காதாங்க?” என்றாள் முதலியார் மனைவி பொன்னியம்மாள்.

“சர்க்கார் உத்தரவு இது. சிரிச்சா கேசு” என்றார் முதலியார்.

யாரும் சிரிக்கவில்லை. மாப்பிள்ளை அழைப்பன்று காளைகளுக்கு ஜரிகைப் பட்டு போர்த்தி மோட்டாரில் பூட்டினார்கள். தோடி முழுசாக நடந்தது. ஆவி இல்லை, உறுமல் இல்லை, வண்டி ஒரு இடத்திலும் படுக்கவில்லை. முதலியாருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

சம்பந்தி முன்பக்கம் எட்டிப் பார்த்து, “எஞ்சின் எங்கங்க?” என்றார்.

“விசாரணையில இருக்குது” என்றார் முதலியார், மீசையைத் தடவிக்கொண்டு.

சம்பந்தி பெருமூச்சு விட்டார். “எங்க ஊர்ல அது இன்னும் வண்டியிலயே கெடக்குது.”

‘எஞ்சின்களைக் கழற்றிய பிறகு, சக்திக் குறைவு பற்றி ஒரு புகாரும் வரவில்லை’ என்று ஐயங்கார் அறிக்கை அனுப்பினார். மேலிடம் பூரித்துப்போய், பட்டணத்தில் அவருக்குப் பெரிய பதவி கொடுத்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் ஆரணிக்குப் புறப்பட்ட அன்றே அவரும் ஸ்டேஷனுக்குப் புறப்பட்டார், மாடு பூட்டிய அதே மோட்டாரில். முன்னால் மேளம். ரயிலுக்குப் போக வேண்டியவர்கள்கூட டிக்கெட்டை மடியில் முடிந்துகொண்டு, வேடிக்கை பார்த்தபடி கூடவே நடந்தார்கள்.

ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்ந்தபோது தண்டவாளம்தான் இருந்தது.

முதலியாருக்கு ரத்தம் கொதித்தது. “என் மாப்பிள்ளை வர்றது தெரிஞ்சும் போயிருக்குதே! ரயில் எஞ்சினுக்கு எதுக்கு சாமி இத்தினி சக்தி?”

ஐயங்கார் யோசித்துப் பார்த்தார். “நியாயமான கேள்வி. எழுதிக் கொடுங்கோ, விசாரிப்போம்.”

பிளாட்பாரத்திலேயே மகஜர் எழுதினார்கள். ரயிலைத் தவறவிட்ட அத்தனை பேரும் வரிசையில் நின்று, இடித்துத் தள்ளிக்கொண்டு கையெழுத்துப் போட்டார்கள். போட்டு முடிப்பதற்குள் அடுத்த ரயிலும் வந்து போய்விட்டது.