நிலைக்கு அடியில் டைபீரியஸ்

வாசல் நிலை வைத்துப் பத்தொன்பது மணி நேரம் ஆகியிருந்தது. சிமெண்டு இறுகிக்கொண்டே போனது. அதற்கு அடியில் ரோமாபுரிச் சக்கரவர்த்தி டைபீரியஸ் கிடந்தார்.

மாத்தூரில் பாதி எழும்பிய தன் வீட்டு வாசலில் சுப்புராயன் நின்றான். மனைவி மதி நேற்று ராத்திரி சோறு போட்டுக்கொண்டே சொன்னது இவ்வளவுதான்: "நெலைக்கு அடியில நவமணிக் கல்லோட பழைய காசு ஒண்ணும் போடணுமாம். உன் பொட்டில கெடந்த செல்லாக் காச போட்டுட்டேன்."

செல்லாக் காசு என்று சொல்லி வைத்தவனே அவன்தான். டைபீரியஸ் தலை பொறித்த அந்த வெள்ளிக் காசு, இரண்டாயிரம் வருடத்துக்கு முன் மிளகு வாங்கக் கப்பலேறி வந்தது. ராஜாவின் கன்னத்தில், வெள்ளி அசல்தானா என்று அந்தக் காலத்தில் யாரோ வெட்டிப் பார்த்த தழும்பு. பழம்பொருள் கடையில் அதைப் பார்த்த மறுநாளே, நிலைக்குத் தேக்கு வாங்க வைத்திருந்த பணம் முழுதும் போனது. தச்சு வேலை பார்க்கும் லூயிஸிடம், வேப்ப மரத்தில் நிலை செய்து தேக்கு நிற வார்னிஷ் அடிக்கச் சொன்னான். யாரிடமும் மூச்சு விடமாட்டேன் என்று லூயிஸ் மாதா மேல் சத்தியம் செய்தான். காசு டிரங்குப் பெட்டியின் அடிக்குப் போனது. மதிக்குப் பயந்து அதை எடுத்துப் பார்ப்பதுகூட இல்லை.

முதலில் மேஸ்திரியிடம், நிலை சாய்ந்திருக்கிறது, பிடுங்கி வைக்கலாம் என்றான். மேஸ்திரி தூக்குக் குண்டு விட்டுப் பார்த்தார். நூல் பிசகவில்லை. அக்கம்பக்கத்துக் கொத்தனார்களையும் கூப்பிட்டுக் காட்டிப் பெருமைப்பட்டார்.

அவர் டீ குடிக்கப் போனதும் சுப்புராயன் நிலையின் அடியில் மூன்று குடம் தண்ணீர் ஊற்றினான். சிமெண்டு இளகும் என்று நினைப்பு. மணலியில் ஒரு தொழிற்சாலைப் பரிசோதனைக் கூடத்தில் பதினோரு வருடமாக வேலை பார்ப்பவன்.

திரும்பி வந்த மேஸ்திரி மனம் குளிர்ந்து போனார். "இப்பிடித்தான் தண்ணி காட்டணும். இனிமே கடப்பாரையால கூட ஒண்ணும் பண்ண முடியாது."

கடப்பாரை என்ற வார்த்தை சுப்புராயனுக்குப் பிடித்துவிட்டது. எப்படியும் வெறும் வேப்ப மரம். மேஸ்திரி சாப்பிடப் போன நேரத்தில் நெம்பினான். நிலை அசையவில்லை. ஓங்கிப் போட்டான். நிலையின் இடது கால் அடியிலிருந்து இடுப்பு உயரம் வரை விரிந்து பிளந்தது; அடிச் சிமெண்டும் பெயர்ந்தது. கையை உள்ளே விட்டுத் துழாவினான். ஒன்பது கல்லும், ஒரு ஐம்பது பைசாவும் வந்தன.

ஜன்னல் அளவெடுக்க வந்த லூயிஸ் சைக்கிளை அப்படியே கீழே போட்டான்.

"இன்னா நைனா பண்ணிகினு கீற?"

"காசு, லூயிசு. என் டைபீரியஸ் காசு. மதி இங்கதான் போட்டேன்னா."

லூயிஸ் பிளவைத் தடவிப் பார்த்தான். சத்தியம் உறுத்தியதோ என்னவோ, நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டான்.

"அக்காகிட்ட நான் சொல்லிட்டேன் நைனா. அந்தக் காச அக்கா அப்பவே வித்துட்டாங்க. அந்தத் துட்டுல வாங்கின தேக்குதான், நீ இப்ப ஒடச்சது."