போர்டு எரியுதா பாரு

பொறாமைப்படக் கண் இருந்தால் போதும், எழுத்தறிவு வேண்டியதில்லை. எனக்கு ஆனா ஆவன்னா தெரியாது. ஆனால் எதிர்க்கடையில் எத்தனை இலை விழுகிறது என்று என் அடுப்படியில் நின்றபடியே சொல்லிவிடுவேன்.

எதிர்க்கடைக்காரி வேறு யாருமில்லை, என் நாத்தனார் சரோஜாதான். நாமக்கல்லிலிருந்து சேலம் போகிற ரோட்டில் இந்தப் பக்கம் என் மெஸ், அந்தப் பக்கம் அவள் மெஸ். நடுவில் ஓயாமல் லாரி. கல்யாணமாகி வந்த நாளிலிருந்தே எனக்கு அவள் மேல் ஒரு கண்தான். அவள் எட்டாவது வரை படித்தவள். அவள் வைத்த முருங்கை காயாகக் காய்க்கும். நான் வைத்ததில் கம்பளிப்பூச்சி காய்க்கும். (சிரிக்காதீங்க, நெசமாலுமே!)

போன வருசம் அவள் கடை வாசலில் பெரிய டிவி ஒன்றை மாட்டினாள். சீரியல் பார்க்கிற டிவி இல்லை, விளம்பர டிவி. அதில் ஒரு தோசை கல்லில் விரியும், நெய் மினுங்கும், தானாகச் சுருளும், ஆவி பறக்கும். பிறகு மறுபடியும் முதலிலிருந்து விரியும். ஒரே தோசைதான், நாள் பூராவும் அதே தோசை. அதைப் பார்த்துவிட்டு லாரிக்காரர்கள் எச்சில் விழுங்கிக்கொண்டு அந்தப் பக்கமே ஒதுங்கினார்கள்.

என் கடை வாசலில் பெயிண்டர் எழுதிய தகர போர்டு. அதில் இருப்பது கோழி என்று எனக்கும் பெயிண்டருக்கும் தெரியும். மற்ற எல்லோரும் காக்கா என்றார்கள்.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து ஜவ்வரிசி மில் முதலாளி, தன் ஆட்களுக்குத் தினமும் மத்தியானச் சாப்பாடு கொடுக்க ஒரு மெஸ் தேடிக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை வந்து பார்த்துவிட்டு, எங்கள் இருவரில் ஒருவருக்குச் சொல்வதாகப் பேச்சு. அது சரோஜாவுக்குப் போனால், தினமும் என் கண்ணெதிரே அண்டா அண்டாவாகச் சோறு ஏறும். அதைப் பார்த்துக்கொண்டு எனக்குச் சோறு இறங்குமா?

மகன் முருகேசனைப் பிடித்துக்கொண்டேன்.

"நமக்கும் ஒரு டிவி மாட்டுடா. அவளுதவிட ஒரு சாண் பெருசா இருக்கோணும்."

மாட்ட வந்தவன் நல்ல பையன். "ஆத்தா, நாலு வார்த்தைக்கு மேல போடாதீங்க. ஒரு படம், ஒரு சேதி, எழுத்து பெருசா. லாரிக்காரரு ஓட்டிக்கிட்டே படிக்கோணுமுங்க" என்றான்.

"இத்தாம்பெரிய டிவிக்கு நாலே வார்த்தையா? ஏஞ்சாமி, உங்க கம்பெனியில வார்த்தைக்குப் பஞ்சமா?" என்று அனுப்பிவிட்டேன்.

எனக்காக முருகேசன் போனில் ஒரு வழி செய்து கொடுத்தான். மைக் படத்தைத் தொட்டுவிட்டுப் பேசினால் அதுவே எழுதிக்கொள்ளும். பேசி முடித்ததும் மைக்கை மறுபடியும் தொட வேண்டும். பிறகு பச்சைக் குறியைத் தொட்டால் எழுத்து டிவியில் ஓடும். எழுதத் தெரியாதவள் பேச, எந்திரம் எழுதுவதா! அன்று சரோஜாவின் எட்டாவது படிப்பு என் கால் தூசுக்குச் சமம் என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை. முருகேசன் ஒரு காதுகுத்துக்குத் திருச்செங்கோடு போய்விட்டான். நான் மைக்கைத் தொட்டேன், அன்றைய சாப்பாட்டைச் சொன்னேன், போனைக் கல்லாமேல் வைத்தேன். (மறுபடியும் மைக்கைத் தொடோணுமுங்கறதெல்லாம் ஆருக்கு ஞாபகம்?) வழக்கம்போல வாய் ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் பச்சைக் குறி நினைவுக்கு வந்தது. தொட்டேன்.

அடேயப்பா! டிவியில் எழுத்து எழுத்தாக ஓடியது, ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. அவளுக்கு ஒரு தோசை, எனக்கு ஒரு புராணம்! லாரிகள் பிரேக் போட்டன. டிரைவர்கள் கையை நீட்டிக் காட்டிச் சிரித்தார்கள். பஸ்ஸே நின்றது. ஒவ்வொருவருக்கும் நான் கும்பிடு போட்டேன். அவர்களும் கும்பிட்டுவிட்டு, ரோட்டைத் தாண்டி நேராகச் சரோஜா கடைக்குப் போனார்கள்.

எனக்கு வயிறு எரிந்தது பாருங்கள், அதில் நாலு தோசை ஊற்றியிருக்கலாம். டிவி என்னுது, கரண்ட் என்னுது, கூட்டம் அவளுதா?

சற்று நேரத்தில் சரோஜாவே கையில் கரண்டியோடு ரோட்டைத் தாண்டி வந்தாள்.

"நங்கை," என்றாள். (எங்க பக்கம் அண்ணியை அப்படித்தான் கூப்புடுவோம்.) "உங்க போர்டுல என்ன ஓடுதுன்னு தெரியுமுங்களா?"

"ஏன் தெரியாது? சாப்பாடு ரெடின்னு ஓடுது. பொறுக்கலையாக்கும்?"

அவள் டிவியைப் பார்த்துத் திரும்பி நின்று, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி சத்தமாகப் படித்தாள்.

"இன்னைக்குச் சாப்பாடு ரெடி கொழம்பு ரசம் மோரு ஏ குமாரு ரசத்துல இன்னொரு சொம்பு சுடுதண்ணி ஊத்து மில்லுக்காரரு வாராரு எதுத்தாப்புல பாரு எப்புடி இளிக்கறான்னு அவ சாம்பாருல பருப்பப் புடிக்கோணும்னா மேட்டூரு டேமுல மீன் புடிக்கறவன வலையோட கூட்டியாரோணும்."

என் பேச்சை என் நாத்தனார் வாயால் கேட்டேன். பூமி பிளக்குமா என்று பார்த்தேன். பிளக்கவில்லை. சமையல்காரன் குமார் சொம்போடு எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே ஓடிவிட்டான்.

சரோஜா முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு கேட்டாள்: "ஏனுங்க நங்கை, வலை எந்தக் கண்ணியில வேணுமுங்க? பருப்புக்குன்னா சின்னக் கண்ணிதான் தோது."

சொல்லிவிட்டு அவளாலேயே அடக்க முடியவில்லை. வாசல்படியில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. (அழுகறதுக்கு அது தேவலை பாருங்க.)

அப்போதுதான் மில் முதலாளி அவள் கடையிலிருந்து கை துடைத்துக்கொண்டே வந்தார்.

"உங்க போர்டப் படிச்சுப்போட்டுத்தானுங்க ஆத்தா அங்க போனேன். பருப்பு கரண்டியிலேயே சிக்கீருச்சுங்க, வலை வேண்டியதில்லீங்க. உங்க ரசத்தப் பத்தித்தான் நீங்களே எழுதி வெச்சுட்டீங்களே!"

ஆர்டர் அவளுக்குத்தான் போனது. தினமும் மத்தியானம் அண்டா ஏறுகிறது. நானும் தினமும் பார்க்கிறேன்.

இப்போது என் டிவியில் ஓடுவது நாலே வார்த்தை: "சாப்பாடு ரெடி. வாங்க சாமி." அப்படித்தான் ஓடுகிறதாம், சரோஜா போட்டுக் கொடுத்தது. எங்கள் வீட்டில் கல்யாணம், காதுகுத்து எதுவானாலும், யாராவது யாரைப் பற்றியாவது வாயைத் திறந்தால் உடனே ஒரு குரல் வரும்: "போர்டு எரியுதா பாரு!"

இந்தக் கதையையும் நான் சொல்லச் சொல்லச் சரோஜாதான் எழுதினாள். கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள். (அதுவும் எனக்குப் பொறுக்கலை.) "அந்தச் சாம்பாரு விசயம் மட்டும் வேண்டாமுங்க நங்கை, எடுத்துப்போடலாம்" என்றாள். முடியவே முடியாது, ஒரு எழுத்துக் குறையக் கூடாது என்று சொல்லிவிட்டேன். தலையை ஆட்டினாள். எழுதினாளா, எடுத்துவிட்டாளா, எனக்கெங்கே தெரியும்? நீங்கள்தான் படித்துச் சொல்ல வேண்டும்.