படிவத்தில் நீந்தியவர்

நீச்சல் தெரியுமா என்று படகுக் கம்பெனியின் படிவத்தில் கேட்டிருந்த இடத்தில் 'தெரியும்' என்று எழுதியதோடு கோட்டைச்சாமி நிறுத்தியிருக்கலாம். ஐந்து பெண்கள் சுற்றி நின்று பார்த்ததால் பக்கத்தில் 'மிக நன்றாக' என்றும் சேர்த்தார். வாளித் தண்ணீரைத் தவிர வேறு தண்ணீரில் அவர் இறங்கியதே இல்லை.

ஏழாயிரம்பண்ணைப் பட்டாசு ஆலையில் அவர் போர்மேன். அந்த ஐந்து பேரும் அவருக்குக் கீழே சரவெடி பின்னுகிறவர்கள். தீபாவளி ஆர்டரை எல்லாருக்கும் முன்னால் முடித்ததற்காக, விரும்பிய ஊருக்குச் சுற்றுலா போய்வரச் சொல்லிவிட்டார் முதலாளி. பெண்கள் கொடைக்கானல் கேட்டார்கள். கொடைக்கானலுக்கு எவன்தான் போகவில்லை? குடகு மலையாற்றில் ரப்பர் படகு விடுவோம், துடுப்பை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றவர் கோட்டைச்சாமிதான். சொன்னபோது நெஞ்சு இரண்டு அங்குலம் அகன்றது உண்மை.

படிவம் போன பிறகுதான் பயம் வந்தது. பயணம் நின்றுபோக வேண்டும். நிறுத்தியது தானென்று தெரியவும் கூடாது.

முதலில், வீட்டில் விடமாட்டார்களே என்று பெண்களிடம் இழுத்துப் பார்த்தார். மறுநாள் ஐந்து கணவன்மாரும் வந்து, "அண்ணாச்சி கூடப் போறப்ப எங்களுக்கென்ன பயம்?" என்று கையெழுத்தே போட்டுக் கொடுத்தார்கள். அவர் வாங்கி வைத்துக்கொண்டார். உள்ளூரப் பெருமையாகக்கூட இருந்தது.

சரி, பெண்களே பயந்து விலகட்டும் என்று படகுக் கம்பெனிக்குப் போன் போட்டு, ஆற்றில் இருப்பதிலேயே முரட்டுப் பகுதியைக் கேட்டார். நன்றாக நீந்துகிறவர்களுக்கு மட்டும்தான் அது, உங்கள் படிவத்தைப் பார்த்து நாங்களே சொல்லலாமென்று இருந்தோம் என்றார்கள். பெண்களுக்கு ஏகக் குஷி. முதலாளி ஆலை வாசலில் பேனர் கட்டிவிட்டார். அதில் கோட்டைச்சாமி துடுப்போடு நின்றார். துடுப்பை மட்டுமல்ல, தோள்களையும் கம்ப்யூட்டரில்தான் செய்திருந்தார்கள்.

கிளம்புவதற்கு முதல் நாள் ஐந்து பேரையும் கூப்பிட்டார். இருபது வருஷமாக யார் முன்னாலும் தலை குனியாத மனிதர் அன்றைக்குத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். தன் மானம் போனால் போகட்டும், தன்னை நம்பி இவர்கள் ஆற்றில் இறங்கக் கூடாது.

"எனக்கு நீச்சல் தெரியாது தாயி. உங்கள்ல ஒருத்தருக்கு ஒண்ணு ஆச்சுன்னா என்னால காப்பாத்த முடியாது."

யாரும் சிரிக்கவில்லை. மூத்தவளான முத்துப்பேச்சி, "படிவம் எழுதுறப்பவே எங்களுக்குத் தெரியும், அண்ணாச்சி. எங்க போர்மேனை அம்புட்டுச் சீக்கிரம் விட்டுக் குடுத்துருவோமா?" என்றாள்.

கோட்டைச்சாமிக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஐந்து பேர் வேறு எந்தப் போர்மேனுக்கு வாய்ப்பார்கள் என்று நிமிர்ந்து நின்றார்.

ஐவரில் இளையவளான தங்கத்தாய் பெருமையோடு முன்னால் வந்தாள்.

"ஒரு மாசமா உங்க எடைக்கு மணல் மூட்டையக் கட்டிக் கெணத்துல தள்ளி, குதிச்சுத் தூக்கிப் பழகுறோம். இருபது மூட்டைக்குப் பதினாறை வெளிய கொண்டாந்துட்டோம், அண்ணாச்சி."