உட்டுட்டேன் சார்

அது இரண்டாயிரத்து எட்டா, ஒன்பதா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பலகை பச்சை நிறம் என்பது மட்டும் நிச்சயம். 'இங்கே ஒருவரும் புகையிலை தொடுவதில்லை' என்று சூப்பர்வைசர் ஸ்டீவன் தன் கையாலேயே எழுதி வைத்திருந்தார். மாட்ட வேண்டியதுதான் பாக்கி.

காக்களூரில் சின்ன பெயின்ட் கம்பெனி. கூட வேலை செய்த ராஜமாணிக்கம் வாய்ப்புற்றில் போன பிறகு, ஸ்டீவன் ஒவ்வொருவரையும் நிறுத்திக் கேட்டார்.

"பீடிய உட்டுட்டியா?"

"உட்டுட்டேன் சார்."

எல்லாரும் அதையே சொன்னார்கள். அவருக்கு மார்பு அகன்றுகொண்டே போனது.

புகையிலைக் கணக்கெடுப்புக்கு நசீரா என்ற பெண் வந்ததும், ஸ்டீவன் பழுப்புக் கறை படிந்த கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "மொதல்ல சின்னராச கேளும்மா. புகைவண்டி மாதிரி இருந்த ஆளு" என்றார்.

"தனியாத்தான் கேக்கணும் சார்."

ஸ்டீவன் வெளியே போனார். காது போகவில்லை.

"பீடி உண்டாண்ணா?"

"உட்டுட்டேன்மா."

"எப்போ?"

"காலைல எட்டு மணிக்கு."

நசீராவின் பேனா நின்றது. "திரும்ப எடுக்கணும்னு தோணுதா?"

"இன்னாம்மா இப்டி கேக்குற? ஷிப்ட் முடிஞ்சா எடுத்துக்குவேன். உள்ள தின்னர் கீது, நெருப்பு ஆவாது. அதான் கேட்ல கெங்கம்மாக்கா கைல உட்டுட்டு வர்றோம்."

ஸ்டீவன் உள்ளே பாய்ந்தார். "தமாஷ் பண்றாம்மா! பூவம்மாள கேளு!"

"பொயலயா? நானும் அங்கதாம்மா உட்டேன்" என்றாள் பூவம்மாள்.

ஸ்டீவன் கேட்டுக்கு ஓடினார். "கெங்கம்மா, அத்த மறச்சிடு!"

காவலுக்கு இருந்த கெங்கம்மாள் பதறி, அவற்றைப் போட்டு வைத்திருந்த வாளியைத் தூக்க, பிடி கழன்று, பீடிக்கட்டும் புகையிலைப் பொட்டலமுமாகப் பின்னால் வந்த நசீராவின் காலடியில் கொட்டியது.

"வாரு! குப்பையில போடு! இந்த கம்பெனியில பொகயில ஒரு துளி இருக்கக் கூடாது!" கத்திய படபடப்பில் ஸ்டீவன் சட்டைப்பையிலிருந்து சின்ன டப்பாவை எடுத்து, ஒரு சிட்டிகை உறிஞ்சி, பலமாகத் தும்மினார்.

கெங்கம்மாள் வாளியை அவர் பக்கம் நீட்டினாள்.

"அப்போ அத்தயும் இதுல போடு சார். மூக்குப்பொடி இன்னா, ரசப்பொடியா?"

ஸ்டீவன் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு வாளிக்குள் டப்பா விழும் சத்தம் கேட்டது.

நசீரா எளாவூர்ப் பக்கம் கணக்கெடுக்கப் போனாள். சின்னராசு அடுத்த பொங்கலுக்குள் நிஜமாகவே விட்டான். பூவம்மாள் இரண்டு முறை தோற்று மூன்றாம் முறை ஜெயித்தாள். கடைசியாக விட்டவர் ஸ்டீவன். மறு வருஷம் பலகை ஏறியது. ஆணி அடித்தவள் கெங்கம்மாள்.