வெள்ளச்சிக்கு எடை கூடிய ஆறு வாரங்கள்

தேதியும் மணியும் போட்டு எழுதிவிட்டால் எதுவும் உண்மையாகிவிடும் என்று வெகுநாள் நம்பியிருந்தேன். எண்பதுகளின் நடுவில், ஈப்போ நகரில் ஒரு மிருக வைத்தியரின் அறையில், அந்த நம்பிக்கை சொட்டுச் சொட்டாக வடிந்தது.

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் அப்போது நான் கிராணி, கணக்கெழுதும் குமாஸ்தா. என் பூனை வெள்ளச்சி மூன்று பேர் சோற்றைத் தின்றும் குச்சியாய் இளைத்துக்கொண்டிருந்தாள். தைராய்டு அளவுக்கு மீறி வேலை செய்கிறது என்றார் டாக்டர். ஆயுள் முழுக்க மாத்திரை, இல்லையேல் கழுத்தில் அறுவை.

"எடை கூடுனா மாத்திரையே போதும். இறங்குனா தாமதிக்காதீங்க, நெஞ்சு தாங்காது."

கத்தி என்றாலே எனக்கு மயக்கம் வரும். மாத்திரை என்றேன். (பெரிய வீரன்!)

ஞாயிறுதோறும் காலை ஏழரைக்கு வெள்ளச்சியைக் கோணிச்சாக்கில் போட்டு, ரப்பர் ஸ்டோரில் இரவல் வாங்கிய தொங்கு தராசில் மாட்டினேன். சாக்கின் எடையைக் கழித்தே எழுதினேன். வெறும் சாக்கை முதல் வாரமே, நல்ல வெயிலில், நிறுத்து வைத்திருந்தேன். பிறகு மழைக்காலம் வந்தது. மரங்களுக்கிடையே மூடுபனி பால் போல் நின்றது. கொல்லைக் கொடியில் சாக்கு மெல்ல ஆடியது. பூனை வாரா வாரம் கனத்தாள். சாக்குக்குள் அவள் கத்தியதை 'உற்சாகம்' என்று குறித்துக்கொண்டேன். அந்த ஞாயிறுகளில் என் கால் தரையில் பட்டதாகவே நினைவில்லை.

ஆறாம் வாரம் அதே சாக்கோடு பஸ் ஏறினேன். எங்கள் தோட்டத்தில் பால்மரம் வெட்டும் அஞ்சலை அக்கா துணைக்கு வந்தார். (ரப்பர் பாலில் தண்ணீர் கலந்தார் என்று ஒருமுறை காலைப் பெரட்டில், ஆள் கணக்கெடுக்கும்போது, எல்லார் முன்னும் அவரை ஏசியிருக்கிறேன்.)

டாக்டரிடம் நோட்டை விரித்து ஆறு எடைகளையும் தேதியோடு உரக்க வாசித்தேன். அவர் பூனையை மட்டும் தூக்கித் தராசில் வைத்தார்.

"இறங்கியிருக்கு."

"உங்க தராசு சரியில்லை, டாக்டர்."

அக்கா சாக்கை எடுத்துப் பிழிந்தார். சிற்றோடை ஒன்று என் கால் சப்பாத்தை நோக்கி வந்தது.

"என்னா கிராணியாரே, என் பால்ல தண்ணின்னு ஏசுனீங்க. உங்க பூனையில இவ்ளோ தண்ணி இருக்கு லா!"

வாசலில் நாயோடு காத்திருந்தவர்கள்கூடச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மேசைமேல் வெள்ளச்சியின் விலா எலும்புகள் ஒவ்வொன்றாய்த் தெரிந்தன. ஆறு வாரமாக நான் பார்த்தது தராசு முள்ளை மட்டுமே.

மாத்திரையைக் கூட்டி, நெஞ்சுத் துடிப்பு அடங்கியதும் அறுவை செய்துவிடலாம் என்றார் டாக்டர். "என்ன சொல்றீங்க?"

நான் நோட்டைப் புரட்டினேன்.

"அவரக் கேக்காதீங்க டாக்டர். பண்ணிருங்க," என்றார் அக்கா.

பண்ணினார். அதன்பின் வெள்ளச்சி என் கல்யாணத்தையும் பார்த்தாள், என் மகள் பள்ளிக்குப் போனதையும் பார்த்தாள். இன்றும் வீட்டில் நான் தேதி சொல்லி எதையாவது அடித்துப் பேசினால், மகள் அடுக்களையிலிருந்து குரல் கொடுப்பாள்:

"அப்பா, சாக்கப் பிழிஞ்சீங்களா?"