ஒன்பது முட்டையும் ஈரப் பிரிமணையும்

பரீட்சையில் சரியாக எழுதியதை வாழ்க்கையில் தப்பாகச் செய்வதற்கென்று தனித் திறமை வேண்டும். எனக்கு அது தாராளமாகவே உண்டு. சூடான பீங்கானை ஈரத்தில் வைத்தால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு மனையியல் வகுப்பிலேயே முழு மதிப்பெண் வாங்கியவள் நான் ஒருத்திதான்.

அப்போது கும்பகோணத்தில் விடுதியில் தங்கிப் படித்தேன். எங்கள் தெருவிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் பெண். (என் தலைக்கனத்துக்கே டவுன் பஸ்ஸில் தனி டிக்கெட் எடுத்திருக்க வேண்டும்.) அப்பா விவசாயக் கூலி. ஆட்சி மாறியும் அறுவடைக் கூலி மாறவில்லை என்று வயலில் இறங்க மறுத்தவர்களில் அவர் முன்னால் நின்றார், போலீஸ்காரர்கள் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். இரண்டு மாதம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை வருகிறார் என்று தகவல் வந்தது.

பண்ணை வீட்டுக் கொல்லையில் நின்று, கையில் ஊற்றிய கஞ்சியைக் குடித்து வளர்ந்தவர் அப்பா. அவரை உட்கார வைத்து, பண்ணையாரே கண்ணால் பார்த்திராத ஒன்றைப் பரிமாற வேண்டும் என்று எனக்கு ஒரே வெறி. பீங்கான் தட்டில் தக்காளியும் வெங்காயமும் பரப்பி, மேலே முட்டைகளை உடைத்து ஊற்றி, ஓவனில் வேகவைத்து, தட்டோடு கொண்டுவந்து வைப்பதை வகுப்பில் செய்து காட்டியிருந்தார்கள். ஊறுகாய் ஜாடி மாதிரி கெட்டியான அந்தத் தட்டை ஆசிரியையிடம் கெஞ்சி இரவல் வாங்கி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன்.

அம்மா கோழியை அடை வைப்பதற்குச் சேர்த்திருந்த ஒன்பது முட்டையும் பறிபோயின. ஓவனுக்கு எங்கே போவது? இரும்புச் சட்டியில் ஆற்று மணலைக் கொட்டி, தட்டை அதில் புதைத்து, மேலே தகரத்தை மூடி, தகரத்தின் மேல் தணலை அள்ளிப் போட்டேன். அடியில் உமி அடுப்பு.

அப்பா சங்கத்துத் தோழர்கள் நாலு பேரோடு வந்தார். பாதி ஆளாகியிருந்தார். கொல்லையில் சுவரோரமாக உட்கார்ந்து, பழையது இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். பத்தே நிமிஷம் பொறுங்கப்பா என்றேன். பத்து நிமிஷம் ஒரு மணி நேரமானது. பசியோடு வந்த மனுஷனை, பாவி, அப்படிக் காக்க வைத்தேன்.

கடைசியில் வெந்தது. எங்கள் வீட்டில் சூடான பானையை இறக்குவதற்குமுன் வைக்கோல் பிரிமணையைத் தண்ணீரில் நனைத்துக்கொள்வோம், இல்லையென்றால் வைக்கோல் கருகிவிடும். மண்பானைக்கு அது சரி. நான் பிரிமணையைச் சொட்டச் சொட்ட நனைத்து, அப்பாவின் முன்னால் போட்டு, கொதிக்கிற தட்டை அதன் மேல் பெருமையாக வைத்தேன்.

டமார்!

தோழர்களில் ஒருவர் வாய்க்காலைத் தாண்டி நாற்றங்காலில் விழுந்தார். ஊரதிரக் கோஷம் போடுகிறவர் வைக்கோல்போருக்குள் தலையை மட்டும் மறைத்துக்கொண்டார். (உடம்பு முழுக்க வெளியில்தான் இருந்தது.) எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. திரும்பிப் பார்த்தேன். அப்பா ஓடவில்லை. சுவரோடு சுருண்டு, இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டிருந்தார்.

"அடிக்காதீங்கய்யா. போதுங்கய்யா."

அப்பா மெல்லக் கையை எடுத்தார். முழங்காலில் வழிந்த மஞ்சள் கருவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"என்னம்மா, முட்டை வெந்துடுச்சா?"

எல்லோரும் சிரித்தார்கள், தேவைக்கு அதிகமாகவே. அப்பா பழையதைச் சாப்பிட்டார். நான் கொல்லையில் ஓட்டாஞ்சில்லைப் பொறுக்கிக்கொண்டே அழுது தீர்த்தேன்.

இன்றுவரை எங்கள் வீட்டில் டம்ளர் விழுந்தாலும் டயர் வெடித்தாலும் யாராவது ஒருவர் "முட்டை வெந்துடுச்சா?" என்று கேட்டுவிடுவார்கள். பேரப்பிள்ளைகளுக்கு அப்பாவே இந்தக் கதையை நடித்துக் காட்டுவார், வைக்கோல்போர் சகிதம். அவர் சொல்லும் கதையில் அசையாமல் உட்கார்ந்து சிரித்தவர் அவர் ஒருத்தர்தான். நாங்கள் யாரும் திருத்தியதில்லை.

அப்பா போன அன்றைக்கு, ஊர் வழக்கப்படி சவ ஊர்வலத்துக்கு வேட்டுக் கட்டுகளோடு ஆட்கள் வந்தார்கள். தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அம்மா எழுந்து வாசலுக்குப் போனாள்.

"வேட்டு வேணாம்ப்பா. அவருக்கு அது ஆவாது" என்றாள்.