எஸ்கேப் அழுத்துங்க மேடம்

நோட்டீஸ் முழுவதையும் அடித்துவிட்டுச் செல்வமேரி நிமிர்ந்து பார்த்தாள். தலைப்பில் முதல் இரண்டு எழுத்துகளைக் காணோம். அது போகட்டும். 'நாளைய தேர்வு தள்ளிவைக்கப்படுகிறது' என்று அவள் அடித்ததற்குக் கீழேயே, 'நாளை தேர்வு நடைபெறும்' என்ற பழைய நோட்டீஸும் அசையாமல் நின்றது.

நாளை வைகுண்ட ஏகாதசி. திருச்சி மாவட்டத்துக்கே லீவு. வெளியூரிலிருந்து வந்து ஆறு மாதமான பிரின்சிபால், காலண்டரைக்கூடப் பார்க்காமல் ஸ்ரீரங்கத்துக் கல்லூரியில் அன்றைக்குத்தான் தேர்வு வைத்திருந்தார். விஷயம் இன்று காலையில்தான் அவருக்கு உறைத்தது. துறையூரிலிருந்து முதல் பஸ் பிடிக்கும் பிள்ளைகளுக்குச் சேதி போக வேண்டும்.

"நோட்டீஸை மெயின் கேட் டிவில போடுங்க மேடம். புது சிஸ்டத்துல நீங்களே போடணும், உங்களுக்கு வருதான்னு பார்க்கறேன். கம்ப்யூட்டர் தெரியாதவங்களை நான் எப்படி சூப்பரின்டெண்ட் ஆக்கறது?" என்று சொல்லிவிட்டு அவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். செல்வமேரியின் பதவி உயர்வு ஃபைல் கையெழுத்துக்காக அவர் மேஜையில்தான் கிடந்தது.

கல்லூரி ஆபீசில் டைப்பிஸ்டாக இருபத்தாறு வருஷ சர்வீஸ். பாலக்கரை இன்ஸ்டிட்யூட்டில் டைப்ரைட்டிங் ஹையர், முதல் வகுப்பு. கண் தாளை விட்டு நகரக் கூடாது என்று ஸ்கேலால் விரலில் அடி வாங்கிப் பழகியவள். அவளுக்கா டைப் தெரியாது? அந்தக் கோபத்தில் அவள் காது மடல் சுட்டது.

சிஸ்டம் ஆள் ரஞ்சித்துக்குப் போன் போட்டாள். அவன் லீவு போட்டு மாமனார் வீட்டாரோடு முக்கொம்பில் இருந்தான்.

"பாத்திரம் விளக்குற சோப்பு பேருல ஒண்ணு வச்சிருக்கியே, அதுல மவுஸ் ஏன் வேலை செய்யல?"

"விம்முங்கிற அந்த எழுதற சாஃப்ட்வேருக்கு மவுஸ் வேண்டாம் மேடம். எல்லாம் கீபோர்டுதான். முதல்ல எஸ்கேப் அழுத்துங்க."

"அழுத்திட்டேன்."

"இப்ப நீங்க தட்டுறது எழுத்து இல்ல, கட்டளை. 'டி'யை ரெண்டு தடவை தட்டுங்க. ஒரு வரி போயிடும்."

தட்டினாள். போனது. பழைய நோட்டீஸ் மேல் இருந்த ஆத்திரத்தில் படபடவென்று தட்டினாள். பழையதும் போனது, புதியதும் போனது.

"எல்லாம் போச்சு ரஞ்சித்."

"பதறாதீங்க. 'யூ' தட்டுனா திரும்பி வரும்."

'யூ'வை ஒரு பதினைந்து தடவை தட்டினாள். ஒவ்வொன்றாக எல்லாம் திரும்பி வந்தது. அதோடு நிற்காமல், அவள் அடித்ததே நடக்காத மாதிரி புது நோட்டீஸ் மட்டும் மறைந்து, பழையது தனியாக ஜம்மென்று நின்றது.

போனில் யாரோ வறுத்த மீனுக்குக் கூப்பிட்டார்கள். "ரெண்டே நிமிஷம் மேடம்" என்று ரஞ்சித் வைத்துவிட்டான்.

செல்வமேரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தட்டினால்தான் எழுத்து ஏறாதே, தட்டியாவது ஆத்திரத்தைத் தீர்ப்போம் என்று சாத்திய கதவைப் பார்த்தபடியே அடித்தாள். வாட்ஸ்அப்பில் தங்கச்சிக்கு எழுதுவதுபோல் ஆங்கில எழுத்தில் தமிழ், நிமிஷத்துக்கு அறுபது வார்த்தை. 'இந்த மனுஷனுக்கு ஏகாதசியும் தெரியாது, ஒரு எழவும் தெரியாது. பாலக்கரை சர்ச் பக்கத்துல பொறந்த எனக்கே தெரியும், அன்னிக்கு ஸ்ரீரங்கத்துல கால் வைக்க முடியாதுன்னு. இவரெல்லாம் பிரின்சிபால். ஏசி ரூம்ல தூங்கி வழியத்தான் லாயக்கு.'

மனசு கொஞ்சம் ஆறியது. ரஞ்சித் திரும்பக் கூப்பிட்டான்.

"எனக்கு இதுலேர்ந்து வெளிய வர வழி மட்டும் சொல்லு."

"எஸ்கேப், கோலன், டபிள்யூ, க்யூ, என்டர்."

கதவை விட்டுக் கண்ணை எடுக்காமலே செய்தாள். வெளியே வந்துவிட்டாள்.

"க்யூ வெளிய வர. டபிள்யூ எதுக்கு?"

"சேவ் பண்ண. அரை நிமிஷத்துல டிவில வந்துடும்."

"எழுத்துதான் ஏறலையே. நான் சும்மா 'இந்த'ன்னு ஆரம்பிச்சு..."

"'ஐ' தட்டினீங்களா? அதுக்கப்புறம் எல்லாமே ஏறும் மேடம்."

செல்வமேரி போனை வைத்தாள். அதே நேரம் இன்டர்காம் அடித்தது. பிரின்சிபால்.

"நோட்டீஸ் எப்படிப் போகுது மேடம்?"

"நல்லாப் போகுது சார்."

"அவசரமில்ல. எழுத வேண்டியதையெல்லாம் நிதானமா எழுதுங்க."

என்றைக்கும் இல்லாத அன்பான குரல். அதைக் கவனிக்க அவளுக்கு ஏது நேரம்? நோட்டீஸைத் திரும்பத் திறந்தாள். டைப் பழகிய முப்பது வருஷத்தில் முதல் தடவையாகத் தாளை ஒதுக்கிவிட்டுத் திரையையே முறைத்தாள். 'டி டி', 'டி டி', எல்லாம் ஒழிந்தது. 'ஐ' தட்டினாள். ஒவ்வொரு எழுத்தும் ஏறுகிறதா என்று பார்த்துப் பார்த்து அடித்தாள். எஸ்கேப், கோலன், டபிள்யூ, க்யூ. இருபது நிமிஷம் ஆகியிருந்தது. இருபது நிமிஷம் அவள் எழுதியது ஊர் பார்க்க டிவியில் நின்றிருக்கிறது.

செருப்பு வழுக்க மெயின் கேட்டுக்கு ஓடினாள். பஸ் ஸ்டாப் பின்பக்கம் இருந்ததால் அவள் தினமும் பின் கேட்டோடு சரி, இந்தப் பக்கம் வந்தே பல நாளாகிறது. சுவரில் நாலு ஆணிதான் இருந்தது. டிவி இல்லை.

வாட்ச்மேன் அப்துல் மாலிக் எழுந்து நின்றார். "என்ன மேடம் இப்படி ஓடி வர்றீங்க? தேர்வு இல்லேன்னு மதியம் சார் கையால எழுதிக் கொடுத்தாரு, கேட்ல ஒட்டிட்டேன். பிள்ளைங்களும் போட்டோ எடுத்து குரூப்ல போட்டுட்டாங்க."

செல்வமேரி சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். மாதா காப்பாற்றினாள். ஒருத்தரும் பார்க்கவில்லை. பதவி உயர்வு ஃபைலில் இன்றைக்கே கையெழுத்து விழும்.

"இங்க இருந்த டிவி எங்க பாய்?"

"வெயில்ல ஒண்ணும் தெரியலேன்னு போன வாரமே கழட்டி சார் ரூம்ல மாட்டிட்டாங்க. கால் மணி முன்னாடி டீ கொண்டு போனேன், அந்த டிவியைத்தான் செல்போன்ல படம் புடிச்சுக்கிட்டிருந்தாரு."